பாரம் ஏறியதும் திணறும் இணைப்பு: பஃபர்ப்ளோட் பற்றித் தொழில்துறையைப் பேச வைப்பது எப்படி?

பதிவு 1 | நெடுவரிசை

நண்பர்களே,

வீட்டு ரௌட்டர்களுக்கு ஃபர்ம்வேர் (கருவிக்குள் இயங்கும் மென்பொருள்) எழுதும் வேலையில் இருக்கிறேன். இங்கே இணையச் சேவை நிறுவனங்களில் இருப்பவர்களும், சிப் பக்கம் இருப்பவர்களும், அலுவலக நெட்வொர்க்கைக் கட்டி மேய்ப்பவர்களும் இருப்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஒரு கணக்கு. அப்லோட் வேகம் விநாடிக்கு 10 மெகாபிட். மோடமுக்குள் 1 மெகாபைட் பஃபர், அதாவது வெளியேற வேண்டிய தரவு வரிசையில் காத்திருக்கும் மெமரி. யாராவது பெரிய கோப்பு ஒன்றை ஏற்றத் தொடங்கினால் அந்த பஃபர் நிரம்பிவிடும். 1 மெகாபைட் என்றால் 8 மெகாபிட், காலியாக 0.8 விநாடி வேண்டும். அந்த நேரத்தில் அதே இணைப்பில் போகிற ஒவ்வொரு பாக்கெட்டும் (தரவின் சிறு துண்டு), குரல் அழைப்பானாலும் டிஎன்எஸ் கேள்வியானாலும் (தளத்தின் பெயருக்கு முகவரி கேட்பது), முக்கால் விநாடிக்கு மேல் வரிசையில் நின்றுதான் வெளியேறும். குரல் உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருக்க வேண்டும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் ஜி.114 பரிந்துரை. இங்கே ஒரே பெட்டிக்குள் அதைப்போல ஐந்து மடங்கு கரைந்துபோகிறது.

எதுவுமே பழுதாகாமல் இது நடக்கிறது. பாக்கெட் தொலையும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவது, இணையத்தில் தரவு அனுப்பும் விதிமுறையான டிசிபியின் இயல்பு. தொலைந்தால்தான் "நெரிசல், குறைத்துக்கொள்" என்ற சேதி அனுப்புகிறவருக்குக் கிடைக்கும். பஃபர் பெரிதாக இருந்தால் அந்தச் சேதி கிளம்பவே நேரமாகிறது. அதற்குள் வரிசை நிரந்தரமாகக் குடியேறிவிடுகிறது. வேகம் துளியும் கூடவில்லை, காத்திருப்பு மட்டும் கூடியது.

2010 கடைசியில் மென்பொருள் பொறியாளர் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பில் இதைத் துருவிப் பார்த்து, பஃபர்ப்ளோட் என்று பெயரும் வைத்தார். 2011-இல் அவரும் கேத்லீன் நிக்கோல்ஸும் ஏசிஎம் க்யூ இதழில் விரிவாக எழுதினார்கள். 2012-இல் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும், வரிசை தேங்காமல் பார்த்துக்கொள்ளும் கோடெல் முறையை வெளியிட்டார்கள். அதே ஆண்டு லினக்ஸ் 3.5-இல் கோடெலும் அதன் விரிவான வடிவமான எஃப்க்யூ-கோடெலும் சேர்ந்தன. 2018 ஜனவரியில் இரண்டும், இணையத் தொழில்நுட்ப ஆவணத் தொடரான ஆர்எஃப்சியில் 8289, 8290 என்று ஆவணமாயின.

நிரல் திறந்து கிடக்கிறது. ஆவணம் இருக்கிறது. ஆனாலும் இன்றைக்குப் பெட்டி பிரித்து மாட்டுகிற எத்தனையோ கருவிகளில் இது இயங்குவதில்லை. யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும்? எந்த எண்ணைக் காட்டினால் கேட்பார்கள்? உங்கள் அனுபவம் வேண்டும்.

பதிவு 2 | வேகவிரும்பி

நல்ல பதிவுங்க. ஆனா எனக்கு முழு உடன்பாடு இல்லை. 10 மெகாபிட் கணக்கு பழைய காலத்துக் கணக்கு. என் இணைப்பு 300 மெகாபிட் ஃபைபர். அதே 1 மெகாபைட் பஃபர் இதுல காலியாக 30 மில்லிவிநாடிகூட ஆகாது. இணைப்பு வேகம் கூடினா பிரச்சினை தானா மறையும்.

இன்னொண்ணு, பாக்கெட்டைத் தூக்கிப் போடுறதைவிட வச்சிருந்து அனுப்புறது நல்லதுதானே? மெமரி இருக்கும்போது எதுக்கு வீணாக்கணும்? தொழில்துறைகிட்ட பேசப் போனா அவங்களும் இந்த ரெண்டையும்தான் முதல்ல கேட்பாங்க. பதிலைத் தயார் பண்ணிட்டுப் போங்க.

பதிவு 3 | மூத்தகணு

//மெமரி இருக்கும்போது எதுக்கு வீணாக்கணும்?//

இந்தக் கேள்விக்கு 1985-லேயே பதில் எழுதப்பட்டுவிட்டது. ஜான் நேகிள் எழுதிய ஆர்எஃப்சி 970. எல்லையற்ற மெமரி உள்ள சுவிட்ச் ஒன்று இருந்தால் என்ன ஆகும் என்று அதில் கேட்கிறார். பாக்கெட்டுக்கு ஆயுள் வரம்பு உண்டு. வந்த வரிசையிலேயே அனுப்பினால், வரிசை நீளநீள, முன்னால் வந்து சேரும்போதே பாக்கெட்டின் ஆயுள் முடிந்திருக்கும். ஆக, மெமரிக்கு எல்லையே இல்லாவிட்டாலும் பாரம் மிஞ்சினால் எல்லாப் பாக்கெட்டையும் தூக்கிப் போடுகிற சுவிட்ச்தான் அது. அந்தக் குறிப்பு சில பக்கங்கள்தான். பஃபர் கூடினால் நல்லது என்று நினைக்கிற ஒவ்வொரு பொறியாளரும் ஒருமுறை படிக்க வேண்டியது.

அடுத்த ஆண்டே, 1986-இல், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே இருந்த இணைப்பு விநாடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்குச் சரிந்தது. இரண்டு இடத்துக்கும் நடுவில் 400 கஜ தூரம்தான். ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட நெரிசல் தவிர்ப்பு முறை இதிலிருந்து பிறந்தது. அந்த முறை முழுக்க நம்பியிருப்பது ஒன்றே ஒன்றைத்தான்: நெரிசல் வந்தால் உரிய நேரத்தில் பாக்கெட் தொலைய வேண்டும். பெரிய பஃபர் அந்த அடித்தளத்தையே பறித்துவிடுகிறது.

//இணைப்பு வேகம் கூடினா பிரச்சினை தானா மறையும்//

மறையாது. இடம் மாறும். உங்கள் ஃபைபர் 300 மெகாபிட். இரண்டு சுவர் தாண்டிய அறையில் வைஃபை எவ்வளவு தருகிறது என்று பாருங்கள். 20 மெகாபிட் என்றால் நெரிசல் முனை இப்போது அங்கே இருக்கிறது. 300 மெகாபிட்டுக்கு எனத் தாராளமாக வைத்த பஃபர், 20-இல் ஓடும்போது பதினைந்து மடங்கு நேரம் பிடித்து வைக்கும். நிலையான பஃபர் அளவு எந்த வேகத்துக்கும் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம். லினக்ஸில் நெடுங்காலம் இயல்பாக இருந்த 1000 பாக்கெட் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 1500 பைட் பாக்கெட் என்றால் மொத்தம் 12 மெகாபிட். 100 மெகாபிட்டில் 0.12 விநாடி. 1 மெகாபிட்டில் 12 விநாடி.

பதிவு 4 | கடைசிமைல்

இணையச் சேவை நிறுவனம் ஒன்றில் அணுகல் நெட்வொர்க் என் பொறுப்பு. உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் கண்காணிப்புத் திரையில் பாக்கெட் இழப்பு சிவப்பில் வரும். ஒரு சதவீதம் தாண்டினால் இரவானாலும் யாராவது எழுந்து பார்ப்பார்கள். வரிசையில் பாக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்று காட்டும் கட்டம் அந்தத் திரையில் கிடையாது. ஆகவே பஃபரைக் கூட்டினால் சிவப்பு மறைகிறது, எல்லோரும் நிம்மதியாகிறார்கள். வாடிக்கையாளர் படும் பாட்டுக்கு எந்த நிறமும் இல்லை.

கருவி வாங்கும்போது நடக்கும் சோதனையும் அப்படித்தான். ஆர்எஃப்சி 2544 முறையில் வேகம் என்பதற்கு வரையறையே, ஒரு ஃபிரேம்கூடத் தொலையாமல் கடத்தக்கூடிய உச்ச வீதம். பஃபர் பெரிதாக உள்ள பெட்டி குறுகிய வெடிப்புகளை விழுங்கிக்கொண்டு இதில் நன்றாகத் தேறும். சிறியதாக, புத்திசாலித்தனமாக வைத்திருக்கும் பெட்டி மதிப்பெண் இழக்கும். 1999-இல் எழுதிய அந்த ஆவணத்தைக் குறை சொல்ல வரவில்லை. அதை மட்டும் வைத்து வீட்டுக் கருவியை மதிப்பிடுவதுதான் தவறு.

அடுத்து விற்பனைப் பிரிவு. விளம்பரத்தில் ஒரே எண்: மெகாபிட். வாடிக்கையாளர் புகார் தந்தால் உதவி மையம் செய்யச் சொல்வது வேகச் சோதனை. அதில் வரும் பிங் (ஒரு பாக்கெட் போய்த் திரும்ப ஆகும் நேரம்), இணைப்பு சும்மா இருக்கும்போது எடுத்த பிங். 10 மில்லிவிநாடி என்று அழகாகக் காட்டும். புகார் மூடப்படும்.

எங்களில் யாரும் கெட்ட எண்ணத்தோடு இல்லை. ஒருவருடைய ஆண்டு மதிப்பீட்டிலும் பாரத்தின்போதான தாமதம் என்ற வரி கிடையாது, அவ்வளவுதான். நெடுவரிசை கேட்ட "யாரிடம் சொல்ல வேண்டும்" என்பதற்கு என் பதில்: கண்காணிப்புத் திரையை வடிவமைப்பவரிடமும், கொள்முதல் நிபந்தனை எழுதுபவரிடமும். மேலாளர்களிடம் கோட்பாடு சொல்லிப் பயனில்லை.

பதிவு 5 | வகுப்பறைக்குரல்

இவ்வளவு தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது. இணையத்தில் வகுப்பு எடுக்கிறேன். கடைசிமைல் சொன்னதுதான் எனக்கு நடந்தது. வீட்டில் யாருடைய போனாவது படங்களை மேகத்தில் ஏற்றத் தொடங்கினால் என் குரல் துண்டுதுண்டாகப் போகிறது என்று மாணவர்கள் சொல்வார்கள். சேவை நிறுவனத்தை அழைத்தால் வேகச் சோதனை செய்யச் சொன்னார்கள். வேகம் சரியாக இருக்கிறது என்றார்கள். பிறகு பெரிய திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள். மாறினேன். டவுன்லோட்தான் இரட்டிப்பானது. அப்லோட் பெரிதாக மாறவில்லை, குரலும் அப்படியேதான் இருக்கிறது.

தொழில்துறை திருந்தும்வரை என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது? முதலில், என் பிரச்சினை இதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதிவு 6 | நெடுவரிசை

டீச்சர், கண்டுபிடிப்பது எளிது. பெரிய கோப்பு ஒன்றை ஏற்றவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பிங் பாருங்கள். சும்மா இருக்கும்போது 15 மில்லிவிநாடி, ஏற்றும்போது 400 என்றால் சந்தேகமே வேண்டாம். மேக் கணினி என்றால் 2021-இல் வந்த மான்டரே பதிப்பிலிருந்து நெட்வொர்க்-குவாலிட்டி என்ற கட்டளை உள்ளேயே இருக்கிறது. பாரம் ஏற்றிவிட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை போய்த் திரும்ப முடிகிறது என்று சொல்லும். ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்டும் 2022 முதல் பாரத்தின்போதான தாமதத்தைத் தனியாகக் காட்டுகிறது. பலர் அந்த வரியைப் பார்ப்பதில்லை.

உங்கள் ரௌட்டரில் எஸ்க்யூஎம் என்ற வரிசை மேலாண்மை வசதி இருந்தால் இயக்குங்கள். ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற திறந்த ஃபர்ம்வேர் ஏற்றக்கூடிய ரௌட்டரானால் அதில் உண்டு. அப்லோட், டவுன்லோட் வேகங்களை உண்மையான அளவில் 85 முதல் 95 சதவீதத்துக்குள் அமைக்க வேண்டும். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுப்பது ஏன் என்றால், அப்போதுதான் வரிசை மோடமின் பெரிய பஃபரில் சேராமல் உங்கள் ரௌட்டருக்குள் சேரும். அங்கே அதைக் கட்டுப்படுத்த எஃப்க்யூ-கோடெல் அல்லது அதைப் போன்ற கேக் என்ற முறை இருக்கும். வேகமான இணைப்பில் இதற்கு ரௌட்டரின் பிராசஸர் கொஞ்சம் உழைக்க வேண்டும். மலிவான பெட்டிகள் சில நூறு மெகாபிட்டில் திணறக்கூடும்.

வீட்டுக்கு வீடு இப்படி ஒருவர் உட்கார்ந்து அமைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது எனக்கு உறுத்துகிறது. டீச்சர் குரலில்தான் கவனம் வைக்க வேண்டும், வரிசை மேலாண்மையில் இல்லை.

பதிவு 7 | சில்லுவழி

வன்பொருளை இயக்கும் மென்பொருளான டிரைவர் எழுதும் பக்கத்திலிருந்து வருகிறேன். பஃபர் ஓரிடத்தில் இருப்பதாக நினைத்துப் பேசுகிறோம். ஒரு பாக்கெட் வெளியேறும் வழியைப் பாருங்கள்: ஆப்பின் சாக்கெட் பஃபர் (ஆப் அனுப்பத் தந்த தரவு முதலில் நிற்கும் இடம்), இயங்குதளத்தின் வரிசை அடுக்கு, டிரைவரின் ரிங் (வன்பொருளுக்குக் கொடுக்கும் வரிசை), வன்பொருளின் உள் வரிசை, வைஃபையானால் அதன் ஃபர்ம்வேருக்குள் இன்னொன்று. மேலே எவ்வளவு நேர்த்தியான கோடெல் வைத்தாலும் கீழே உள்ள ரிங் நூற்றுக்கணக்கான பாக்கெட்டை விழுங்கினால் கோடெலின் கண்ணுக்கு வரிசையே தெரியாது.

லினக்ஸ் 3.3-இல் பிக்யூஎல் வந்தது, ரிங்குக்குள் போகும் பைட்டுகளுக்கு வரம்பு வைக்க. 3.6-இல் டிசிபி ஸ்மால் க்யூஸ், ஒரு சாக்கெட் கீழே தள்ளும் அளவைக் கட்டுப்படுத்த. இரண்டுமே 2012. எல்லோரும் கோடெலைப் பேசுகிறோம், இந்த இரண்டும் இல்லாமல் அது பாதிதான். வைஃபை பக்கம் வேலை இன்னும் கடினம். வரிசையை ஃபர்ம்வேரிலிருந்து மேலே இழுத்து, மெதுவான கருவி ஒன்று காற்றுநேரம் முழுவதையும் எடுத்துக்கொள்ளாமல் பங்கிட வேண்டியிருந்தது. அந்த ஆய்வு 2017-இல் யூசெனிக்ஸ் மாநாட்டில் வெளியானது, நிரல் லினக்ஸின் ஏடிஎச்9கே என்ற வைஃபை டிரைவரில் முதலில் இறங்கியது.

இப்போது கசப்பான பகுதி. பெட்டி தயாரிப்பவர் பெரும்பாலும் சிப் நிறுவனம் தரும் அடிப்படை மென்பொருள் தொகுப்பான எஸ்டிகேயை வைத்துத்தான் கட்டுகிறார். அதில் இருக்கும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பழையது. கிகாபிட் வேகம் காட்ட வன்பொருள் முடுக்கம் இயக்கப்பட்டிருக்கும். அந்த வழியில் போகும் பாக்கெட் கெர்னலின் வரிசை அடுக்கைத் தொடுவதே இல்லை. பெட்டியில் எஃப்க்யூ-கோடெல் உண்டு என்று ஆவணத்தில் எழுதியிருப்பார்கள், பொய்யும் இல்லை. முடுக்கத்தை நிறுத்தினால்தான் அது வேலை செய்யும், நிறுத்தினால் வேகம் பாதியாகும்.

ஆகவே சிப் நிறுவனத்தைக் கேட்க வைக்காமல் இது தீராது. அவர்களுடைய வாடிக்கையாளர் நாமல்ல, பெட்டி தயாரிப்பவர். பெட்டி தயாரிப்பவருக்கு வாடிக்கையாளர் இணையச் சேவை நிறுவனம். அந்த நிறுவனம் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதினால் அது சங்கிலியில் கீழே இறங்கி எங்கள் மேசைக்கு வரும். எழுதாவிட்டால் நான் எத்தனை முறை உள்ளே வாதாடினாலும் "யார் கேட்டது?" என்பதுதான் பதில்.

பதிவு 8 | வேகவிரும்பி

மூத்தகணு ஐயா, வைஃபை பற்றிச் சொன்னதை ஏத்துக்கிறேன். வீட்டுல சோதிச்சேன், ரௌட்டர் பக்கத்துல ஒண்ணுமில்லை, கடைசி அறையில பாரம் ஏத்தினா பிங் எகிறுது.

மிச்சம் ரெண்டு சந்தேகம். முன்கூட்டியே பாக்கெட்டைப் போட்டா வேகம் அடிவாங்காதா? கூகுள் 2016-இல் பிபிஆர்னு ஒரு நெரிசல் கட்டுப்பாட்டு முறை கொண்டுவந்தாங்களே, அனுப்புற பக்கமே வரிசையை நிரப்பாம பார்த்துக்கிட்டா பெட்டிகளை ஏன் மாத்தணும்?

பதிவு 9 | மூத்தகணு

முதல் சந்தேகம் நியாயமானது, ஏனென்றால் பழைய முறைகளில் அது நடந்தது. சாலி ஃபிளாய்டும் ஜேக்கப்சனும் 1993-இல் தந்த ரெட் முறை வரிசையின் சராசரி நீளத்தைப் பார்த்தது. எந்த நீளத்தில் தொடங்குவது, எதில் உச்சம் என்று ஒவ்வொரு இணைப்புக்கும் கையால் அமைக்க வேண்டும். தவறாக அமைத்தால் கேடு. 1998-இல் ஆர்எஃப்சி 2309 பரிந்துரைத்தும் பெரும்பாலோர் அணைத்தே வைத்தார்கள்.

கோடெல் நீளத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பாக்கெட்டும் வரிசையில் நின்ற நேரத்தைப் பார்க்கிறது. 100 மில்லிவிநாடி முழுக்க, மிகக் குறைந்த காத்திருப்புகூட 5 மில்லிவிநாடிக்குக் கீழே இறங்காவிட்டால்தான் ஒரு பாக்கெட்டைப் போடும். சட்டென வந்து வடிந்துபோகும் வெடிப்பைத் தொடாது. அதற்காகத்தானே பஃபர் வைத்தோம். வடியாமல் தேங்கி நிற்கும் வரிசையை மட்டும் தொடும். ஆகவே இணைப்பு எப்போதும் நிரம்பியே ஓடும், வேகம் குறைவதாகக் கண்ணுக்குத் தெரியாது. இரு முனையும் ஈசிஎன் (நெரிசலைக் குறியிட்டுச் சொல்லும் முறை) பேசினால் போடுவதற்குப் பதில் குறியிட்டு அனுப்பலாம்.

எஃப்க்யூ-கோடெலில் உள்ள எஃப்க்யூ பகுதி இதோடு இன்னொரு நன்மை செய்கிறது. ஓட்டங்களை (ஒரு ஆப்பும் ஒரு சர்வரும் பரிமாறும் பாக்கெட் தொடர்) தனித்தனி வரிசைகளில் பிரிக்கிறது, இயல்பு அளவு 1024. எப்போதாவது ஒரு பாக்கெட் அனுப்பும் ஓட்டத்துக்கு முதல் வாய்ப்பு. ஒரே ஒரு கடிதத்தோடு வந்தவர், மூட்டை மூட்டையாகப் பார்சல் கொண்டுவந்தவருக்குப் பின்னால் நிற்க வேண்டியதில்லை. குரல், டிஎன்எஸ், விளையாட்டு எல்லாம் கடித வகை.

பிபிஆர் நல்ல முயற்சி. ஆனால் அது அனுப்புகிறவர் எடுக்கும் முடிவு. உங்கள் இணைப்பில் ஓடும் பத்து ஓட்டங்களில் ஒன்று பழைய முறையில் வரிசையை நிரப்பினாலும் மற்ற ஒன்பதும் அந்த வரிசையில்தான் நிற்கும். உலகின் எல்லா சர்வர்களும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று காத்திருப்பதைவிட, நெரிசல் முனையில் இருக்கும் ஒரு பெட்டியைச் சரிசெய்வது நடக்கக்கூடிய காரியம்.

பதிவு 10 | கொள்முதல்மேசை

சில்லுவழி சொன்ன "ஒரு வரி" எழுதும் இடத்தில் நான் இருக்கிறேன். பல கிளைகள் உள்ள ஒரு நிறுவனத்துக்கு இணைப்பும் ரௌட்டரும் வாங்கும் குழு. அடுத்த டெண்டர் ஆவணம் தயாராகிறது. என்ன எழுதட்டும்? என் வரைவு:

"ஏற்றமும் இறக்கமும் ஒரே நேரத்தில் 60 விநாடி முழு அளவில் ஓடும்போது, சராசரித் தாமதம் 100 மில்லிவிநாடியைத் தாண்டக் கூடாது."

அதிகாரிகள் கேட்டால் காட்ட, நடைமுறையில் இது வேலை செய்ததற்கு ஓர் உதாரணமும் வேண்டும். கோட்பாட்டை வைத்து ஒப்புதல் வாங்க முடியாது.

பதிவு 11 | கடைசிமைல்

உதாரணம் இருக்கிறது, அதுவும் பெரிய அளவில். கேபிள் இணையத் தொழில்துறை டாக்சிஸ் 3.1 தரநிலையில் வரிசை மேலாண்மையைக் கட்டாயமாக்கியது. பை என்ற முறை. ஆர்எஃப்சி 8033, கேபிளுக்கான வடிவம் 8034. கோவிட் காலத்தில் அமெரிக்கக் கேபிள் நிறுவனமான காம்காஸ்ட் தன் நெட்வொர்க்கில் இந்த வசதி இயங்கிய மோடம்களையும் இயங்காத மோடம்களையும் ஒப்பிட்டு வெளியிட்டது. அப்லோட் பக்கம் பாரத்தின்போது, இயங்காதவற்றில் சுமார் 250 மில்லிவிநாடி. இயங்கியவற்றில் 15 முதல் 30. கேபிளும் வேகமும் மாறவில்லை, வரிசையைக் கையாளும் விதம் மட்டும் வேறு. இந்த ஒரு ஒப்பீட்டை முதல் பக்கத்தில் வையுங்கள், வேறு எதுவும் தேவைப்படாது.

எனக்கு இதில் முக்கியமாகத் தெரிவது, அந்த மோடம்களை வைத்திருந்தவர்கள் ஒருவரும் எந்த அமைப்பையும் தொடவில்லை என்பது. தரநிலையில் கட்டாயம் என்று எழுதியதால் தானாக வந்தது.

வரைவில் சராசரியை எடுத்துவிடுங்கள். 60 விநாடியில் 55 விநாடி நன்றாக இருந்து 5 விநாடி செத்துப்போனாலும் சராசரி தேறிவிடும். குரல் அறுந்தது அந்த 5 விநாடியில்தான். 95-ஆவது பெர்சன்டைல் (நூற்றில் 95 அளவீடுகள் எந்த எண்ணுக்குள் அடங்குமோ அது) கேளுங்கள். மொத்தத் தாமதத்தையும் கேட்காதீர்கள், தூரத்தால் வரும் தாமதத்துக்கு விற்பவர் பொறுப்பல்ல. சும்மா இருக்கும்போதுள்ள அளவைவிட எவ்வளவு கூடியது என்று கேளுங்கள்.

பதிவு 12 | சில்லுவழி

இன்னொன்றும் சேருங்கள். பிங்கை மட்டும் வைத்து அளக்காதீர்கள். பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி பாக்கெட்டுக்குத் தனி முன்னுரிமை கொடுத்து, மற்றவற்றை வரிசையில் விட்டுவிடும் பெட்டி இருந்தால் பிங் பொன்னாகக் காட்டும். குரல் அழைப்புகள் போன்றவை பயன்படுத்தும் யூடிபியிலும், பாரம் ஓடும் அதே டிசிபி இணைப்புக்குள்ளும் அளக்க வேண்டும். ஆப்பிளின் சோதனை பாரம் சுமக்கும் இணைப்பிலும் தனி இணைப்பிலும் இரண்டிலும் அளப்பது இதனால்தான்.

வன்பொருள் முடுக்கம் இயங்கிய நிலையில் சோதனை எடுக்க வேண்டும் என்று தனி வரியாக எழுதுங்கள். வேகச் சோதனையை முடுக்கத்தோடும், தாமதச் சோதனையை முடுக்கம் இல்லாமலும் எடுத்து இரண்டு காகிதத்தையும் சேர்த்து அனுப்பிவிடுவார்கள்.

பதிவு 13 | மூத்தகணு

மெதுவான கிளைகளை மறக்க வேண்டாம். 1 மெகாபிட் அப்லோடில் ஒரு முழு பாக்கெட் கம்பியில் ஏறவே 12 மில்லிவிநாடி ஆகும். அங்கே கோடெலின் 5 மில்லிவிநாடி இலக்கே பொருந்தாது, கூட்டித்தான் வைக்க வேண்டும். எல்லாக் கிளைக்கும் ஒரே எண் எழுதினால் மெதுவான கிளையில் நல்ல கருவியும் தோற்கும்.

இதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். நாம் இன்று பேசும் இந்தச் சோதனைகளும் நிரல்களும் சும்மா வந்தவை அல்ல. 2011-இல் கெட்டிஸுடன் சேர்ந்து பஃபர்ப்ளோட் திட்டத்தைத் தொடங்கிய டேவ் டாஹ்ட், செரோ-டபிள்யூஆர்டி என்ற சோதனை ஃபர்ம்வேரை நடத்தி, அதில் தேறியதை ஓப்பன்-டபிள்யூஆர்டிக்கும் லினக்ஸுக்கும் கொண்டு சேர்த்தார். கேட்காதவர்களிடமும் பல்லாண்டு விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். 2025 ஏப்ரலில் மறைந்துவிட்டார். கேக் 2018-இல் லினக்ஸ் 4.19-இல் சேர்ந்ததிலும், சிறிய சேவை நிறுவனங்கள் பயன்படுத்தும் வரிசை மேலாண்மை மென்பொருளான லிப்ரே-க்யூஓஎஸ்ஸிலும் அவருடைய உழைப்பு இருக்கிறது. இந்தத் துறை அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

பதிவு 14 | நெடுவரிசை

டேவ் பற்றி எழுதியதற்கு நன்றி ஐயா. அவருடைய அஞ்சல்களைப் படித்துத்தான் நான் இந்தப் பக்கம் வந்தேன்.

பொதுமக்களுக்குக் காட்டும் எண் எது என்பதில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற ஆப்பிளின் அளவை முன்வைக்கலாம். கூடினால் நல்லது என்ற எண்ணை விற்பனைப் பிரிவு எளிதாக ஏற்கும். மெகாபிட்டுக்குப் பக்கத்தில் பெட்டியின் மேல் அச்சடிக்கலாம்.

பதிவு 15 | கடைசிமைல்

அதில் நான் மாறுபடுகிறேன். 2000 சுற்று என்றால் எங்கள் பொறியாளருக்கு ஒன்றும் விளங்காது, 30 மில்லிவிநாடி என்று திருப்பிக் கணக்குப் போட்ட பிறகே விளங்கும். திரையில் மில்லிவிநாடிதான் இருக்க வேண்டும். பெட்டியின் மேல் நீங்கள் சொல்வது வரட்டும், எதிர்ப்பு இல்லை.

அமெரிக்காவில் 2024 ஏப்ரல் முதல் பெரிய நிறுவனங்கள் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் பிராட்பேண்ட் லேபிளில் வழக்கமான தாமதத்தையும் குறிப்பிட வேண்டும். நல்ல தொடக்கம். அடுத்து அந்த எண் பாரத்தின்போது எடுத்ததாக இருக்க வேண்டும். ஒழுங்குமுறை அமைப்புகள் கருத்துக் கேட்கும்போது நம்மைப் போன்றவர்கள் எழுத வேண்டியது இந்த ஒரு கோரிக்கையைத்தான்.

எங்கள் பக்கம்: சோதனைக்கருவிகள் ஏற்கெனவே சில வீடுகளில் உண்டு. அவற்றில் பாரத்தின்போதான தாமதத்தையும் எடுத்து, பாக்கெட் இழப்பு கட்டத்துக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். திரைக் குழு ஒப்புக்கொண்டது.

பதிவு 16 | வகுப்பறைக்குரல்

நெடுவரிசை சொன்னபடி பழைய ரௌட்டரில் எஸ்க்யூஎம் அமைத்துத் தந்தார் உறவுக்காரப் பையன். வீட்டில் படங்கள் ஏறிக்கொண்டிருந்தபோதே வகுப்பு எடுத்தேன். குரல் அறுபடவில்லை. இவ்வளவு எளிதான ஒன்றை நான் அழைத்த உதவி மையத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பது வருத்தமாக இருக்கிறது. அங்கே பேசுபவர்களின் கேள்விப் பட்டியலில் "இணைப்பில் வேறு எதுவும் ஓடும்போதுதான் சிக்கல் வருகிறதா?" என்ற ஒரு கேள்வியைச் சேர்க்க முடியாதா?

பதிவு 17 | கடைசிமைல்

முடியும் டீச்சர். நாளையே எங்கள் உதவி மையத்துக்கு அனுப்புகிறேன், உங்கள் சொற்களிலேயே.

பதிவு 18 | கொள்முதல்மேசை

திருத்திய வரைவு:

"ஏற்றமும் இறக்கமும் ஒரே நேரத்தில் 60 விநாடி முழு அளவில் ஓடும்போது, யூடிபியிலும் டிசிபியிலும் அளக்கப்படும் தாமதம், இணைப்பு ஓய்வில் இருந்த அளவைவிட 95-ஆவது பெர்சன்டைலில் 30 மில்லிவிநாடிக்கு மேல் கூடக் கூடாது. 5 மெகாபிட்டுக்குக் குறைந்த அப்லோட் உள்ள இடங்களில் 60 மில்லிவிநாடி. வேகமும் தாமதமும் ஒரே அமைப்பில், ஒரே சோதனையில் அளக்கப்பட வேண்டும்."

விற்பனையாளர்களுடன் நடந்த முன்கூட்டத்தில் இதைப் படித்தோம். ஒருவர் மட்டும் "எந்தக் கருவியால் அளக்க வேண்டும்?" என்று கேட்டார். மற்றவர்கள் குறித்துக்கொண்டார்கள். கேட்டவருக்கு என்ன சொல்ல?

பதிவு 19 | சில்லுவழி

ஃப்ளென்ட் என்ற சோதனை மென்பொருளைச் சொல்லுங்கள். அதில் ஆர்ஆர்யூஎல் என்ற சோதனை இருக்கிறது. நான்கு ஓட்டம் மேலே, நான்கு ஓட்டம் கீழே, கூடவே தாமதத்தை ஐசிஎம்பியிலும் யூடிபியிலும் அளக்கும். டிசிபி ஓட்டத்துக்குள் இருக்கும் தாமதத்துக்கு ஆப்பிளின் கட்டளையையும் ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள். கம்பியில் ஒருமுறை, தூரத்து அறையின் வைஃபையில் ஒருமுறை. வரைபடத்தைப் படமாக வாங்காதீர்கள். ஃப்ளென்ட் சேமிக்கும் தரவுக் கோப்பை அப்படியே கேளுங்கள், நாமே திறந்து பார்க்கலாம். கோப்பு வந்ததும் இங்கே ஏற்றுங்கள்.